காப்பீட்டு அட்டை மட்டும் போதுமா?

செஞ்சிக் கோட்டைக்கு வருவோர் அதன் மதில்களையும் ராஜகிரியின் உயரத்தையும் கண்டு வியக்கின்றனர். ஆனால், மொகலாயப் படையின் முற்றுகையை 1690 முதல் 1698 வரை அக்கோட்டை தாங்கி நின்றதற்கு மதில்கள் மட்டும் காரணமல்ல. உள்ளே நெற்களஞ்சியங்களும் குளங்களும் இருந்தன. மக்களுக்கான மருத்துவப் பாதுகாப்பையும் இவ்வாறே நோக்கலாம். காப்பீடு மதில் என்றால், அன்றாடம் கிடைக்கும் மருத்துவரும் மருந்தும்தான் களஞ்சியம்.

தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அதன் இடத்தைப் பெற்றது. 2018-இல் அது மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைந்தது. ரூ.72 ஆயிரமாக இருந்த குடும்ப ஆண்டு வருமான வரம்பு பின்னர் ரூ.1.20 லட்சமாக உயர்த்தப்பட்டது. ஒரு குடும்பம் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். காப்பீட்டுத் தவணையை அரசே செலுத்துகிறது.

இதன் பயனைக் குறைத்து மதிப்பிட முடியாது. யாருக்கு, எப்போது, எந்த நோய் வரும் என்பதை எவரும் அறியார். அந்த நிச்சயமின்மையின் சுமையைப் பலர்மீது பரப்புவதே காப்பீட்டின் பொருளாதாரம். இதய அறுவை சிகிச்சைக்காக நிலத்தை விற்கும் நிலையிலிருந்து பல குடும்பங்களை இத்திட்டம் காத்துள்ளது. அரசு மருத்துவமனைகளும் இதன்வழி வருவாய் பெறுகின்றன.

எனினும், இது பெரும்பாலும் உள்நோயாளிகளுக்கானது. ஏழைக் குடும்பத்தின் பணமோ சிறுகச் சிறுகக் கரைகிறது. செஞ்சியை அடுத்த ஒரு சிற்றூரில், உயர் ரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் உள்ள விவசாயக் கூலிப் பெண் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மாத்திரை, ரத்தப் பரிசோதனை ஆகியவற்றுக்கு அவர் தனியாரை நாடினால் காப்பீட்டு அட்டை உதவாது. உயர் சிகிச்சை தேடி முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்றால், சிகிச்சை இலவசமாகக் கிடைத்தாலும் பேருந்துக் கட்டணமும் துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலியும் போகும். செலவுக்கு அஞ்சி மாத்திரையை நிறுத்தினால், சில ஆண்டுகளில் சிறுநீரகம் பழுதாகலாம். அப்போது டயாலிசிஸ் செலவைக் காப்பீடு ஏற்கும். சில ரூபாய் மாத்திரையால் தடுத்திருக்கக்கூடியதற்கு அரசு பின்னர் பல மடங்கு செலவிடுகிறது. அந்தப் பெண்ணோ உழைக்கும் வலிமையை இழக்கிறார்.

தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கைப்பணத்திலிருந்து செலுத்திய பங்கு 2013-14-இல் 64.2 சதவீதம், 2021-22-இல் 39.4 சதவீதம். இது நல்ல முன்னேற்றமே. ஆயினும், அரசின் செலவு அந்த ஆண்டில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.84 சதவீதம்தான். 2025-க்குள் 2.5 சதவீதத்தை எட்ட வேண்டும் என்பது 2017 தேசிய சுகாதாரக் கொள்கையின் இலக்கு.

தாய்லாந்து 2002-இல் அனைவருக்கும் மருத்துவத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு மாவட்ட அளவிலான மருத்துவ அமைப்புக்கே நிதி அளித்தது. புறநோயாளி சிகிச்சையும் மருந்தும் அதில் அடங்கின. இலங்கை, காப்பீட்டைச் சாராமல், வரிப்பணத்தில் நடக்கும் அரசு மருத்துவமனைகளைக் கொண்டே நற்பயன் கண்டது. இரண்டிலும் வலிமை பெற்றது சிற்றூருக்கு அருகிலுள்ள மருத்துவமனை.

நமக்கு இது புதிய பாதையன்று. 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அளித்து வருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு சேர்க்கிறது. இவற்றுக்கான நிதி, காப்பீட்டுத் தவணைக்கு அடுத்த இடத்தில் நிற்கக் கூடாது. வட்ட மருத்துவமனைகளில் சிறப்பு மருத்துவர்களும் ஆய்வகப் பணியாளர்களும் நிரந்தரமாக இருக்க வேண்டும். கூலி வேலை முடிந்து வருவோருக்காக மாலையிலும் புறநோயாளிப் பிரிவு இயங்க வேண்டும். காப்பீட்டுத் தொகையில் எவ்வளவு அரசு மருத்துவமனைகளுக்கும், எவ்வளவு தனியாருக்கும் செல்கிறது என்பதை மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

எத்தனை பேரிடம் காப்பீட்டு அட்டை உள்ளது என்பதைக் கொண்டு மட்டும் மருத்துவப் பாதுகாப்பை அளக்க இயலாது. அந்த அட்டையைத் தேடி எடுக்க வேண்டிய நாள் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு அரிதாக வருகிறது என்பதே சரியான அளவுகோல்.