பாபுல் கல்கில் ஒரு மீஸான் கல்

காஹிரா நகருக்குச் செல்லும் நம்மவர்கள் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்தை ஸியாரத் செய்து, அல்அஸ்ஹர் பள்ளியில் இரண்டு ரக்அத்துத் தொழுது, எஞ்சிய பொழுதைப் பிரமிடுகளுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புவதே வழக்கம். முதன்முறை சென்றபோது நாமும் அப்படித்தான் திரும்பினோம். அல்அஸ்ஹரிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில் பாபுல் கல்க் என்றொரு பேட்டை இருப்பதும், அங்கே இஸ்லாமியக் கலைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருப்பதும் அப்போது நம் கருத்தில் படவில்லை. இரண்டாம் பயணத்தில்தான் ஒரு பகற்பொழுதை அதற்கென ஒதுக்கினோம்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். இப்பகுதிக்கு முன்னாளில் ‘பாபுல் கர்க்’ என்று பெயர். கர்க் என்றால் கிழிசல், ஓட்டை. பிற்காலத்தவர்க்கு இப்பொருள் உறுத்தியது போலும். ஓரெழுத்தை மாற்றிப் ‘பாபுல் கல்க்’ ஆக்கிவிட்டார்கள். மக்களின் வாயில் என்று பொருள் கொள்ளலாம். ரா போய் லாம் வந்தது, கிழிசல் மக்களாயிற்று! அரபுப் பாடம் நடத்துவோர்க்கு நல்ல உதாரணம்.

இவ்வருங்காட்சியகம் பிறந்த இடம் பாபுல் கல்க் அன்று. பாழ்பட்டுக் கிடந்த ஒரு பள்ளிவாசல். ஃபாத்திமிய்ய ஆட்சியாளர் அல்ஹாகிமின் பெயரால் வழங்கும் அப்பெரும் பள்ளி 1013இல் நிறைவுற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலோ அது சிதைந்து கிடந்தது. அந்நாளில் காஹிராவின் பழம் பள்ளிகள் பலவற்றின் நிலையும் ஏறத்தாழ அதுதான். வக்ஃபு வருமானம் குன்றக் குன்றக் கூரைகள் ஒழுகின, சுவர்கள் விரிந்தன. விளக்குகளும், மிம்பர்களின் செதுக்குப் பலகைகளும், குர்ஆன் பிரதிகளின் ஏடுகளும் ஒவ்வொன்றாகக் கடைத்தெருவுக்கு வந்தன. லண்டனிலும் பாரிஸிலும் இன்று கண்ணாடிப் பேழைகளில் இருக்கும் மம்லூக் காலத்துப் பள்ளி விளக்குகளில் பல இவ்வாறு கைமாறிச் சென்றவையே. வாங்கியவனைப் பழிப்பது எளிது. விற்றவன் யார் என்று கேட்க நமக்கு நா எழுவதில்லை.

1880இல் கெதீவ் தவ்ஃபீக் காலத்தில் பிரான்ஸ் பாஷா என்னும் கட்டடக் கலைஞர், எஞ்சியவற்றைத் திரட்டி அல்ஹாகிம் பள்ளியின் தாழ்வாரத்தில் சேர்த்து வைக்கத் தொடங்கினார். மறு ஆண்டு, அரபுக் கலைச் சின்னங்களைப் பாதுகாப்பதற்கென ஒரு குழு அமைந்தது. அக்குழுவில் நெடுங்காலம் உழைத்த மாக்ஸ் ஹெர்ஸ் ஹங்கேரி நாட்டவர். நம் பள்ளிகளின் உடைந்த பலகையைப் பொறுக்கியெடுத்துப் பட்டியல் எழுத ஹங்கேரியிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது என்பதை எண்ணுகையில் நன்றியும் நாணமும் ஒருங்கே எழுகின்றன. 1903 டிசம்பர் 28ஆம் நாள் பாபுல் கல்கில் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. கீழே அருங்காட்சியகம், மேலே, அலீ பாஷா முபாரக்கின் முயற்சியால் 1870இல் தோன்றிய நூலகமாகிய தாருல் குதுப்.

உள்ளே ஏறத்தாழ ஒரு லட்சம் பொருட்கள் சேர்ந்துள்ளன என்பர். காட்சிக்கு இருப்பவை அவற்றில் சிறு பகுதியே. நீர் வார்க்கும் மூக்கில் சேவல் நின்று கூவும் வெண்கலக் கெண்டியைக் கடைசி உமய்யாக் கலீஃபா மர்வானுடையது என்கிறார்கள். அவர் கொல்லப்பட்ட ஊரருகே கிடைத்தது என்பதே அதற்கு ஆதாரம். ஸையிதா ருகையா அவர்களின் தலத்திலிருந்து வந்த மர மிஹ்ராபின் செதுக்கு வேலை கண்ணைவிட்டு அகலாதது. இவற்றைப் பற்றியெல்லாம் எழுதப் புகுந்தால் இதழ் கொள்ளாது.

நம்மை நிறுத்தி வைத்தது ஒரு மீஸான் கல். அழகு என்று சொல்ல அதில் ஏதுமில்லை. வரிகள் நேராக நிற்கவில்லை. எழுத்துகளில் புள்ளிகளும் இல்லை. ஆனால் கடைசி வரியில் ஆண்டு இருக்கிறது: முப்பத்தொன்று, ஜமாதுல் ஆகிர் மாதம். கி.பி. 652. ஹஜ்ரத் உஸ்மான் (ரலி) அவர்களின் கிலாஃபத் காலம். அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களின் படை எகிப்தை வென்று பத்தாண்டுகளே ஆகியிருந்த நேரம். நாள் குறிக்கப்பட்ட இஸ்லாமியக் கல்வெட்டுகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று இது. அருங்காட்சியகத்தில் குவிந்திருந்த ஆயிரக்கணக்கான மீஸான் கற்களினிடையே இதன் பெருமையை உணர்ந்து, 1930இல் உலகுக்கு அறிவித்தவர் ஹஸன் அல்ஹவாரீ என்னும் எகிப்தியர்.

அடக்கப்பட்டவர் அப்துர் ரஹ்மான் இப்னு கைர். குடிப்பெயரைப் பலர் ஹஜ்ரீ என்று வாசிப்பர். புள்ளியில்லா எழுத்தாதலால் வேறு விதமாக வாசிப்போரும் உண்டு. அவர் தளபதியோ பெரும் ஆலிமோ என்பதற்குக் கல்லில் குறிப்பில்லை. பிஸ்மில்லாஹ்வுக்குப் பின் அவருடைய பிழைபொறுப்புக்கான துஆ. அதற்கடுத்துத்தான் நம்மைத் திடுக்கிடச் செய்த வரி: இவ்வெழுத்தை வாசிப்பவர் இவருக்காகப் பாவமன்னிப்புத் தேடி, ஆமீன் சொல்ல வேண்டும் என்று கல் கேட்கிறது.

கபுரு எங்கே இருந்ததென்று கல்லில் இல்லை. கல்லோ ஓர் அறையில் விளக்கொளியில் நிற்கிறது. அதைக் கடந்து எத்தனையோ பேர் போகிறார்கள், படம் பிடிக்கிறார்கள், ஆண்டைப் பார்த்து வியக்கிறார்கள். கேட்டதைக் கொடுப்பவர் அரிது. பள்ளிக்கும் கபுருக்கும் உரிய பொருட்களைப் பெயர்த்துக் காட்சிக்கு வைப்பது முறையா என்று நாம் பல ஆண்டுகள் வாதாடியதுண்டு. அக்கல்லின் முன் நின்றபோது அவ்வாதம் பாதி கரைந்துவிட்டது. இருந்த இடத்திலேயே இருந்திருந்தால் அது இன்னேரம் ஏதேனும் ஒரு வீட்டுப் படிக்கல்லாகியிருக்கும். நம் கடற்கரை ஊர் மையவாடிகளில், ஆண்டுதோறும் சுண்ணாம்பு பூசிப் பூசி எழுத்தே மூடிப்போன மீஸான் கற்களை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். மரியாதை என்று எண்ணியே பூசுகிறார்கள். நாம் எழுத்துக்கூட்டி முழுவதும் வாசித்து, ஆமீன் என்றோம். சற்றுத் தள்ளி நாற்காலியில் அமர்ந்திருந்த காவலரும் திரும்பிப் பாராமலே ஆமீன் என்றார்.

மீதிப் பாதி வாதம் விளக்குகளிடம் போனதும் மீண்டும் தலைதூக்கிற்று. பொன்னும் நீலமும் இழைத்த பள்ளிக் கண்ணாடி விளக்குகளின் தொகுப்பில் இதற்கு நிகரானது உலகில் இல்லை. பல விளக்குகளின் கழுத்தில் ஸூரத்துன் நூரின் 35ஆம் ஆயத்து எழுதப்பட்டிருக்கிறது. கண்ணாடிக்குள் இருக்கும் விளக்கைப் பற்றிய ஆயத்தைக் கண்ணாடி விளக்கின் மேலேயே எழுதினார்கள்! உள்ளே எண்ணெயும் திரியும் இட்டு ஏற்றினால் எழுத்தே ஒளிரும். இப்போது ஒளி வெளியிலிருந்து விழுகிறது. அது வேறு, இது வேறு.

பேழைக்குள் வைத்தால் காப்பாயிற்று என்றும் சொல்வதற்கில்லை. 2014 ஜனவரி 24, வெள்ளிக்கிழமை காலை, எதிரேயுள்ள காவல்துறைத் தலைமையகத்தைக் குறிவைத்து வெடித்த கார் குண்டு இக்கட்டடத்தின் உட்புறத்தையும் சிதைத்தது. 179 பொருட்கள் சேதமுற்றன. அவற்றுள் விளக்குகளும் உண்டு. மாடியில் இருந்த கையெழுத்துப் பிரதிகளும் தப்பவில்லை. சில்லுகளைச் சலித்து எடுத்து, ஒட்டி, 160 பொருட்களை மீட்டார்கள். 2017 ஜனவரியில் கதவு மீண்டும் திறந்தது. படையெடுப்புகளையும் நிலநடுக்கத்தையும் தாண்டி வந்த கண்ணாடியை உடைத்தது அந்நகரத்துப் பூசலே என்பது நெஞ்சை அறுக்கும் செய்தி.

வெளியே வந்து, முஹம்மது அலீ சாலை வழியே கோட்டையை நோக்கி நடந்தோம். அதன் முடிவில் சுல்தான் ஹஸன் பள்ளி. 1356இல் தொடங்கிய கட்டடம். நான்கு மத்ஹபுகளுக்கும் நான்கு மத்ரஸாக்கள். கட்டிய சுல்தான் 1361இல் கொல்லப்பட்டார்; தமக்கென அமைத்த கபுரில் அவர் அடங்கவில்லை. சற்றுமுன் பேழையில் பார்த்த விளக்குகளில் பல இங்கிருந்து சென்றவை. உயர்ந்த வளைவுகளின் கீழ் நீண்ட சங்கிலிகள் அணியணியாகத் தொங்குகின்றன. நுனியில் இக்காலத்து விளக்குகள். அஸ்ருக்கு நேரமிருந்தது. ஒரு தூணருகே அமர்ந்து சங்கிலிகளை எண்ணத் தொடங்கினோம். எண்ணி முடிப்பதற்குள் இகாமத் சொல்லிவிட்டார்கள்.