கறுப்பு அரங்கும் காலாப்பட்டும்

உழவர்கரை நகராட்சி எல்லைக்குள் நாடகக்காரர்களுக்கு முக்கியமான இடங்கள் இரண்டு. ஒன்று, கருவடிக்குப்பத்தில் உள்ள சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி. 1922 நவம்பர் 13-ல் புதுச்சேரியில் காலமான அவரை அங்கேதான் அடக்கம் செய்தார்கள். இன்றும் அவர் நினைவு நாளில் நடிகர்கள் வந்து மாலை சாத்துகிறார்கள். மற்றொன்று, வடக்கே கடலோரம் காலாப்பட்டில், புதுவைப் பல்கலைக்கழகத்துக்குள் அவர் பெயரிலேயே இயங்கும் நிகழ்கலைப் பள்ளி. சென்ற இதழில் கருவடிக்குப்பத்தைப் பார்த்தோம். இந்த வாரம் காலாப்பட்டு. ஆனால் நேர்வழியில் போகப்போவதில்லை. கரீபியன் கடலில் ஒரு தீவு, மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு துறைமுகம் என்று சுற்றித்தான் வந்து சேர வேண்டும். பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊருக்கு வரலாறு எழுதுகிறவனுக்கு இந்த அலைச்சல் தப்பாது.

1848-ல் பிரான்சு தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலிருந்து விடுதலை பெற்ற கறுப்பர்கள் வெளியேறத் தொடங்கினார்கள். தோட்ட முதலாளிகளின் பார்வை புதுச்சேரி, காரைக்கால் பக்கம் திரும்பியது. 'ஒரேலி' என்ற கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளோடு 1853 மே 6-ல் மார்த்தினிக்கில் கரை சேர்ந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்தத் தீவுக்கு மட்டும் ஏறத்தாழ 25,000 இந்தியர்கள் போனார்கள். பெரும்பாலோர் தமிழர்கள். தங்கள் கூலியைக் குறைக்க வந்தவர்கள் என்று கறுப்பர்கள் இவர்களை வெறுத்ததும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. போனவர்கள் மாரியம்மனைக் கொண்டுபோனார்கள். தப்பையும் மத்தளத்தையும் கொண்டுபோனார்கள். குவாதலூப்பில் தெருக்கூத்தின் சாயலில் ஒரு நாடகம் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டது. பேரன்களுக்குத் தமிழ் மறந்துபோன பிறகும் தப்பின் அடி மறக்கவில்லை.

மார்த்தினிக்கின் வடகோடியில் பாஸ்-புவாந்த் என்று ஒரு சிற்றூர். தமிழ்க் கூலிகள் வந்து நிறைந்த வட்டாரம் அது. அவர்கள் வழிவந்த கோயில்களும் அங்கே உண்டு. அந்த ஊரில்தான் 1913-ல் எமே செசேர் பிறந்தார். கவிஞர், நாடக ஆசிரியர், பின்னாளில் தலைநகர் ஃபோர்-து-பிரான்சின் மேயர். பாரீசில் படித்தபோது அவருக்கு நண்பரானவர் செனகல் நாட்டு மாணவர் லெயோபோல் செதார் செங்கோர். கறுப்பராக இருப்பதை இழிவாக அல்ல, பெருமையாக ஏந்திக்கொள்ளும் இயக்கத்தை இருவரும் 1930-களில் தொடங்கினார்கள். நெக்ரித்யூத் என்று அதற்குப் பெயர். செனகல் 1960-ல் விடுதலை பெற்றபோது செங்கோர் அதன் முதல் குடியரசுத் தலைவரானார். கவிஞர் கையில் ஆட்சி வந்தால் என்ன செய்வார்? திருவிழா எடுப்பார்.

1966 ஏப்ரல் 1 முதல் 24 வரை டாக்கார் நகரில் நடந்தது 'முதல் உலகக் கறுப்பினக் கலைவிழா'. யுனெஸ்கோ துணை நின்றது. அமெரிக்காவிலிருந்து டியூக் எலிங்டன் தன் இசைக்குழுவோடு வந்தார். இந்த விழாவுக்கென்றே ஒரு புது இசைக்கோவையை அமைத்திருந்தார். ஆல்வின் எய்லியின் நடனக் குழு வந்தது. கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் வந்தார். எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசியும் வந்தார். வந்த கூட்டத்துக்கு ஊரில் விடுதி போதவில்லை. சோவியத் கப்பல் ஒன்று துறைமுகத்தில் நின்று தங்கும் விடுதியாயிற்று. அமெரிக்கா ஜாஸ் அனுப்ப, ரஷ்யா கப்பல் அனுப்ப, பனிப்போர்க் காலத்தில் ஏழை நாடு ஒன்று இரண்டு பேரையும் வேலை வாங்கிய அழகை ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

நமக்கு வேண்டியது அதன் நாடகங்கள். செசேர் எழுதிய 'அரசன் கிறிஸ்தோஃபின் துன்பியல்' டாக்காரில் மேடையேறியது. அடிமைகள் கிளர்ந்தெழுந்து 1804-ல் விடுதலை கண்ட ஹைத்தியில், அடிமையாக இருந்த ஆன்ரி கிறிஸ்தோஃப் அரசனாகிறான். வெள்ளையனுக்கு இணையாகத் தன் மக்களை உயர்த்திக் காட்டும் வெறியில் மலை உச்சியில் மாபெரும் கோட்டை கட்டுகிறான். கல் சுமந்து சுமந்து மக்கள் மறுபடி அடிமைகளாகிறார்கள். நைஜீரியாவின் வோலே சொயிங்கா எழுதிய 'கோங்கியின் அறுவடை'யும் அங்கே நடந்தது. புதிதாக விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாட்டின் சர்வாதிகாரியைக் கிண்டல் செய்யும் நாடகம் அது. விழா எடுத்ததோ ஒரு குடியரசுத் தலைவர். முன்வரிசையில் அமர்ந்தவர்களோ ஆட்சியாளர்கள். அவர்கள் முகத்துக்கு நேரே, விடுதலை வாங்கிய நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டன இந்த நாடகங்கள். புகழ்பாடும் மேடையாக முடிந்திருக்க வேண்டிய விழாவைக் காப்பாற்றியது இதுதான் என்பது என் கணிப்பு. நெக்ரித்யூத் மீது விமர்சனம் வராமலும் இல்லை. 1969-ல் அல்ஜீயர்சில் நடந்த அனைத்து ஆப்பிரிக்கக் கலைவிழாவில், பழம்பெருமை பேசுவது போராட்டத்துக்கு உதவாது என்று அதைக் கிழித்துப் போட்டார்கள்.

இந்தச் செங்கோர் 1974 மே மாதம் சென்னைக்கு வந்தார். உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் சார்பில் உரையாற்றினார். திராவிடர்களும் ஆப்பிரிக்கக் கறுப்பர்களும் உறவுக்காரர்கள், மொழியிலும் பண்பாட்டிலும் அதற்குச் சான்று உண்டு என்பது அவர் கட்சி. டாக்கார் பல்கலைக்கழகத்தில் இந்திய-ஆப்பிரிக்க ஆய்வுக்குத் துறையே அமைத்தார். அங்கே போய் ஆய்வு செய்த தமிழறிஞர் க.ப.அறவாணன். 1970-களின் பிற்பகுதியில் செனகலில் தங்கி, திராவிடர் - ஆப்பிரிக்கர் ஒப்புமை பற்றி நூல்கள் எழுதினார். திரும்பி வந்தபின் அவர் பேராசிரியராகப் பணியாற்றிய இடம் புதுவைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை. டாக்கார்க் காற்று காலாப்பட்டுக்கு வந்தது இப்படித்தான்.

சொல் ஒப்புமைகளை வைத்து இன உறவை நாட்டும் அந்த முயற்சியை மொழியியலாளர்கள் இன்று ஏற்பதில்லை. எனக்கும் அதில் நம்பிக்கை இல்லை. செங்கோர் தேடிய உறவு இருந்தது, ஆனால் அகராதியில் இல்லை. அது மேடையில் இருந்தது. அதைக் காட்டியவர் காலாப்பட்டின் இன்னொரு பேராசிரியர்.

கே.ஏ.குணசேகரன் 1955-ல் இளையான்குடிப் பக்கம் மாரந்தையில் பிறந்தவர். 'வடு' என்ற தன்வரலாற்று நூலில் தன் இளமையை எழுதியிருக்கிறார். இளையான்குடியில் முஸ்லிம் வீடுகள் வேற்றுமை பாராட்டாமல் பழகியதையும், சுற்றியிருந்த கிராமங்களுக்குள் காலெடுத்து வைத்தால் சாதி கேட்கப்பட்டதையும் அடுத்தடுத்து வைத்துச் சொல்கிற இடங்கள் மறக்க முடியாதவை. பட்டினியையும் அவமானத்தையும் குரல் உயர்த்தாமல் எழுதுகிறார். ஆனால் மேடையில் ஏறிவிட்டால் அந்தக் குரல் வேறு. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கொடுமையிலிருந்து பிறந்தது கவிஞர் இன்குலாப்பின் 'மனுசங்கடா' பாட்டு. அதைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டு சேர்த்தது குணசேகரனின் தொண்டை. அவரது 'தன்னானே' குழு ஊர் ஊராகப் பாடியது. நாட்டுப்புறப் பாட்டு என்றாலே காதலும் தாலாட்டும் என்று வானொலி பழக்கியிருந்த காதுகளுக்கு அது அதிர்ச்சி.

நிகழ்கலைப் பள்ளி தொடங்கியபோது அதற்குப் பொறுப்பேற்றவர் இந்திரா பார்த்தசாரதி. அதே வெண்மணியை 'குருதிப்புனல்' நாவலாக எழுதியவர். அந்தப் பள்ளிக்குப் பின்னர் வந்த குணசேகரன் நாடகம் கற்பித்தார், எழுதினார், இயக்கினார். அவருடைய 'பலி ஆடுகள்' தமிழின் முதல் தலித் நாடகம் என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். ஒடுக்கும் சாதியை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு அது நின்றுவிடவில்லை. ஒடுக்கப்பட்ட ஆணுக்கும் கீழே மிதிபட்டுக் கிடக்கும் பெண்ணைப் பற்றியும் கேட்கிறது. தன் பக்கத்து ஆட்களையே பார்த்துக் கேள்வி கேட்கும் இந்தத் துணிச்சல் செசேரின் துணிச்சலுக்குச் சற்றும் குறைந்ததில்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் 'பவளக்கொடி'யையும் குணசேகரன் விடவில்லை. 'பவளக்கொடி அல்லது குடும்ப வழக்கு' என்று ஒரு நாடகம் எழுதினார். கருவடிக்குப்பத்துக்கும் காலாப்பட்டுக்கும் இடையே இதைவிட நல்ல பாலம் எனக்குத் தெரியவில்லை.

கறுப்பு இலக்கியம் தலித் எழுத்துக்கு வந்த பெருவழி டாக்கார் அல்ல, மும்பை. அமெரிக்கக் கறுப்பர்களின் கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தைப் பார்த்து 1972-ல் நாம்தேவ் தசால், ஜே.வி.பவார், ராஜா டாலே போன்றவர்கள் தலித் சிறுத்தைகள் அமைப்பைத் தொடங்கினார்கள். மராத்தியில் எழுந்த அலை 1991-ல் அம்பேத்கர் நூற்றாண்டையொட்டித் தமிழில் வேகம் பிடித்தது. மதுரையில் இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் தலித் கலை விழாக்கள் நடத்தியது. சாவுக்கு அடிப்பது என்று ஒதுக்கப்பட்ட பறை மேடையின் நடுவுக்கு வந்தது. அடிக்கிறவர் குனிந்து நிற்க வேண்டிய இடத்தில் நிமிர்ந்து ஆடினார். டாக்காரில் எலிங்டனின் இசைக்குப் பின்னால் இருந்ததும் இதே கணக்குதான்: இழிவு என்று சுமத்தப்பட்டதை எடுத்து, சுமத்தியவனையே உட்கார்ந்து கேட்க வைப்பது. 2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு கானாப் பாட்டையும் ராப்பையும் ஒரே மேடையில் ஏற்றியபோது, கறுப்பர் இசையோடு உள்ள உறவைப் பற்றி யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

குணசேகரன் பிற்காலத்தில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநரானார். செங்கோரின் உரைக்கு ஏற்பாடு செய்த அதே நிறுவனம். 2016 ஜனவரி 17-ல் புதுச்சேரியில் காலமானார். அதே ஆண்டு டிசம்பரில் இன்குலாப்பும் போய்விட்டார்.

மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கப்பல் ஏற்றி அனுப்பிய ஊர், அங்கிருந்து ஒரு நாடகக் குழுவையாவது காலாப்பட்டுக்கு வரவழைத்து, பறைக் குழுவோடு ஒரே மேடையில் நிறுத்தி ஒரு விழா எடுக்க வேண்டும். நிகழ்கலைப் பள்ளியும் இருக்கிறது, பிரெஞ்சு நிறுவனங்களும் இருக்கின்றன; மனம்தான் வேண்டும். அதுவரை வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். 'மனுசங்கடா', 'தன்னானே' ஒலிநாடாக்கள், அந்தக் கால நாடகத் துண்டறிக்கைகள், ஒத்திகைப் புகைப்படங்கள் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கலாம். பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுங்கள். அல்லது எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள், வந்து படி எடுத்துக்கொள்கிறோம்.