கியர் மாத்தத் தெரிந்தவன்தான் டிரைவரா?

போன மாதம் எங்கள் குழுவில் ஒருத்தியின் வீட்டில் பெரிய சண்டை. இடம் வெள்ளவத்தை, கடல் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கை. ஐந்து வருடத் தடைக்குப் பிறகு 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திறந்துவிட்டது அல்லவா, அதிலிருந்து அந்த வீட்டில் கார்ப் பேச்சுத்தான். சண்டை விலையைப் பற்றியதும் இல்லை, நிறத்தைப் பற்றியதும் இல்லை. மெனுவலா ஓட்டோவா என்பதுதான் பிரச்சினை. (இந்த ஊரில் 'ஓட்டோ' என்றால் முதலில் மனதில் வருவது மூன்று சில்லு வண்டி. அதனால் இனி 'ஓட்டோ கியர்' என்றே எழுதுகிறோம்.)

அப்பா ஒரே பிடியாக நின்றார். "கியர் மாத்தத் தெரியாதவன் டிரைவரே இல்லப் பிள்ளை. பட்டரி இறங்கினா உன்ர ஓட்டோ கியரைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண ஏலுமே?" அம்மா ஒன்றும் பேசவில்லை. அம்மாவுக்கு லைசென்ஸ் இல்லை.

சமரசம் பேசப் போன நாங்கள் தேத்தண்ணி குடித்ததுதான் மிச்சம். திரும்பி வரும்போது ஒரு கேள்வி மட்டும் கூட வந்தது. இந்தத் 'தள்ளி ஸ்டார்ட்' ஏன் அவருக்கு இவ்வளவு பெரிய விஷயம்? அதைத் தேடப் போனபோது எங்கட ஊர்க் கார்களின் வரலாறே அதற்குள் இருந்தது.

முதலில் கொஞ்சம் இயந்திரக் கதை. 1890களில் பிரான்சில் பனார், லெவாசோர் என்ற இரண்டு பேரின் கம்பனி, பற்சில்லுகளை நகர்த்தி வேகத்தை மாற்றும் கியர்ப்பெட்டியைக் காரில் பொருத்தியது. இன்றைய மெனுவலின் மூதாதை அதுதான். ஓட்டுவது லேசான வேலை இல்லை. பற்கள் ஒன்றோடொன்று மோதிக் கத்தும். அந்தச் சத்தத்தை அடக்கும் 'சிங்க்ரோமெஷ்' 1928இல் கடிலாக் காரில்தான் வந்தது. கிளச்சே இல்லாமல், எண்ணெயின் வழியாகச் சக்தியைக் கடத்தித் தானாகக் கியர் மாறும் 'ஹைட்ராமெட்டிக்' 1939இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் காரோடு விற்பனைக்கு வந்தது. அமெரிக்கச் சனம் அதைப் பிடித்துக்கொண்டது. அங்கே என்ஜின் பெரிது, பெற்றோல் மலிவு. ஐரோப்பாவில் என்ஜின் சிறிது, பெற்றோல் விலை. எண்ணெய்க்குள் வீணாகும் சக்திக்கு யார் காசு கட்டுவது? ஆகவே பிரிட்டன் மெனுவலோடு நின்றது. பிரிட்டன் நின்ற இடத்தில்தான் இலங்கையும் நின்றது.

கொழும்பில் பழைய ஆட்கள் கார் என்றதும் சொல்லும் பெயர் மொரிஸ் மைனர். 1948இல் வந்த கார். டக்ஸியாகவும் அதுதான் ஓடியது. நான்கு கியர், அதில் முதலாவதுக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. வண்டி முழுதாக நின்ற பிறகுதான் முதலாம் கியர் வடிவாக விழும். இல்லாவிட்டால் இரட்டைக் கிளச் அடிக்க வேண்டும். 'நல்ல டிரைவர்' என்ற பட்டம் அந்தச் சத்தத்தை எழுப்பாதவனுக்குத்தான் கிடைத்தது. அப்பாவின் பெருமை வந்த வழி இப்போது விளங்குகிறதா?

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி முட்டுப்பட்டது. கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. அதனால் இருந்த கார் சாகக்கூடாது. உலகம் மொடல் மாற்றிக்கொண்டு போக, இங்கே மொரிஸையும் ஒஸ்டினையும் திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். சாதாரண கராஜ்காரன் கழற்றிப் பூட்டக்கூடிய கியர்ப்பெட்டி மெனுவல்தான். எனவே அந்தத் தலைமுறைக்கு மெனுவல் ஒரு தெரிவே இல்லை, வேறு ஒன்றும் இருக்கவில்லை. (அதே கார்களின் இலக்கத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து ஏறியதும், 1958இல் அதை வைத்துத் தாரும் தீயும் கிளம்பியதும் தனிக் கட்டுரைக்குரிய விஷயம். யாராவது எழுதுங்கள்.)

1977இல் ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. ஜப்பான் கார்கள் வரத் தொடங்கின. ஆனால் அப்பாவின் கதை அப்போது கொழும்பில் இல்லை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

1990இலிருந்து வடக்குக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை. அந்த வருடங்களைக் கண்ட யாரிடமும் கேட்டுப் பாருங்கள், மண்ணெண்ணெய்க் கதை ஒன்று கட்டாயம் இருக்கும். போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த கொஞ்சப் பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடுவது. கறுப்புப் புகை, மணம், இருமல். ஒஸ்டின் ஏ40 போன்ற கிழட்டுக் கார்கள் அதையும் குடித்துக்கொண்டு ஓடின. கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவைதான். ஸ்டார்ட் வராவிட்டால் நாலு பேர் தள்ள வேண்டும். டிரைவர் இரண்டாம் கியரில் கிளச்சை மிதித்துக்கொண்டு இருப்பார். வேகம் பிடித்ததும் கிளச்சைச் சட்டென்று விட்டால் சில்லு என்ஜினைச் சுற்றும், வண்டி உயிர்க்கும்.

ஓட்டோ கியரில் இது நடக்காது. உள்ளே எண்ணெய் அழுத்தத்தைக் கொடுக்கும் பம்பைச் சுற்றுவதே என்ஜின்தான். என்ஜின் ஓடாவிட்டால் அழுத்தம் இல்லை, அழுத்தம் இல்லாவிட்டால் சில்லுக்கும் என்ஜினுக்கும் தொடுப்பு இல்லை. எத்தனை பேர் தள்ளினாலும் கார் வெறுமனே உருளும். ஆகவே அப்பா கேட்டதை வெறும் ஆம்பிளை வீம்பு என்று தட்டிவிட எங்களால் ஏலவில்லை. எரிபொருள் இல்லாத ஊரில் ஒரு கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியுமா என்பது கியர்ப்பெட்டியில் தங்கியிருந்த காலம் ஒன்று உண்மையாகவே இருந்தது.

1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பலர் கொழும்பு வந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜுகளிலும் வாடகை அறைகளிலும் ஒதுங்கினார்கள். அப்பாவும் அப்படித்தான். காரை வைத்து என்ன செய்வது? செக்பொயின்டில் இறங்கி ஏறவே நாள் போய்விடும்.

அவர்கள் இங்கே மூச்சு விடத் தொடங்கியபோது கொழும்புக் கார்கள் மாறிக்கொண்டிருந்தன. மாற்றியது நாங்கள் இல்லை, ஜப்பான். 1991 நவம்பரில் ஜப்பான் 'ஓட்டோ கியர் மட்டும்' என்று தனி லைசென்ஸ் கொடுக்கத் தொடங்கியது. அங்கத்தைய சனம் ஏற்கெனவே அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, இது இன்னும் தள்ளிவிட்டது. அங்கே கார் பழசாகப் பழசாகக் கட்டாயப் பரிசோதனைச் செலவு கழுத்தை நெரிக்கும், அதனால் சில வருடத்திலேயே விற்றுவிடுவார்கள். எங்களைப்போலவே இடப்பக்கம் ஓடும் நாடு, ஸ்டியரிங் வலப்பக்கம். அந்தக் கார்கள்தான் 'ரீகண்டிஷன்' என்ற பெயரோடு கொழும்புத் துறைமுகத்தில் இறங்கின. டோக்கியோ வீட்டுக்காரி கிளச் வேண்டாம் என்று முடிவெடுத்தாள், பத்து வருடம் கழித்து கொட்டாஞ்சேனைக்காரரின் இடது காலுக்கு ஓய்வு கிடைத்தது.

மெனுவல் இன்னொரு வழியால் வந்தது. அந்த வழி இந்தியா. மாருதி வண்டிகள் நிறைய வந்தன. சம்பளக்காரரின் முதல் கார், மலிவு, கியர் வண்டி. ஆக, மெனுவலா ஓட்டோ கியரா என்ற கேள்வி கொழும்பில் பல காலம் இந்தியாவா ஜப்பானா என்ற கேள்விதான். அதற்குள் 'உன்னிடம் எவ்வளவு இருக்கு' என்ற கேள்வியும் ஒளிந்திருந்தது.

'மெனுவல்தான் எண்ணெய் குடிக்காது' என்ற பேச்சு ஒரு காலத்தில் சரி. பிறகு பெல்ட்டில் ஓடும் சிவிடி வந்தது, ஹைபிரிட் வந்தது. பின்னேரம் ஐந்தரைக்கு காலி வீதியில் பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்கு ஊரும்போது ஹைபிரிட் என்ஜினை அணைத்துவிட்டு பட்டரியில் நகரும். பக்கத்தில் மாருதிக்காரர் அரைக் கிளச்சில் கால் நடுங்க நிற்பார். ஜம்பெட்டா வீதிப் பக்கம் துறைமுக லொறிகளுக்குள் மாட்டினால் கேட்கவே வேண்டாம்.

பிறகு 2022. கிலோமீற்றர் கணக்கில் பெற்றோல் வரிசை. என்ஜினை நிற்பாட்டிவிட்டு, வரிசை நகர நகர எல்லாரும் கையால் தள்ளினார்கள். மெனுவல்காரர் நியூட்ரலில் போட்டுவிட்டுத் தள்ளினார். பட்டன் ஹைபிரிட்காரர் நியூட்ரல் போடவே வண்டியை 'ஒன்' பண்ண வேண்டும், பட்டரி போய்விடுமோ என்ற பயம் வேறு. யூலையில் கியூஆர் வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அந்த வரிசையில் நின்றபோது அப்பாவுக்குக் கோபம் வரவில்லையாம், சிரிப்பு வந்ததாம். "இதெல்லாம் நாங்க தொண்ணூறிலயே பாத்திட்டம்."

ஆனாலும் அப்பாவின் பக்கம் முழுதாக நிற்க எங்களுக்கு மனமில்லை. 'உண்மையான டிரைவர்' என்ற அந்தச் சொல் எத்தனை பேரை ஸ்டியரிங்குக்குக் கிட்டவே விடாமல் வைத்திருக்கிறது? 'பொம்பிளையளுக்கு ஓட்டோ கியர்தான் சரி' என்று நக்கலடிக்கும் அதே வாய், அந்த ஓட்டோ கியரையும் வாங்கிக் கொடுக்காது. எங்கள் ஏழு பேரில் நான்கு பேரின் அம்மாமாருக்கு லைசென்ஸ் இல்லை, அப்பாமார் எல்லாருக்கும் இருக்கிறது. தள்ளி ஸ்டார்ட் பண்ணும் கதையில் அம்மா எங்கே இருந்தார் என்று தோழி கேட்டாள். "பின்னால தள்ளினவள்" என்றார் அப்பா. சொன்ன பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

கார் இன்னும் வாங்கவில்லை. இறக்குமதி திறந்தாலும் வரியைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஆனால் அம்மா லேனர்ஸ் பழகுகிறார். ஞாயிறு விடிய ஆறு மணிக்கு மரைன் டிரைவில், பழக்குபவரின் ஓட்டோ கியர் வண்டியில். பின் சீட்டில் அப்பா. முன்னால் சைக்கிள் ஒன்று குறுக்கிட்டால், இல்லாத கிளச்சை அவரின் இடது கால் மிதிக்கிறதாம்.