வாசகம் நாற்காலியில் பிறப்பதில்லை

நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! எதிரணியிலே அமர்ந்து, இவ்வளவு நேரம் பாட்டுப் பாடியே நம்மையெல்லாம் மயக்கி வைத்திருக்கிற நண்பர்களே! இந்த அரங்கத்திலேயும், வீட்டுக் கூடத்திலே டி.வி. முன்னாலேயும் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

"ஒரு விளம்பரம் மக்கள் மனதில் நிற்பது சொல்லழகாலா, சிந்தனை ஆழத்தாலா?" இதுதான் இன்றைய தலைப்பு. எதிரணிச் சகோதரி வந்தாங்க. நாலு சோப்புப் பாட்டு, ரெண்டு பற்பொடிப் பாட்டு பாடினாங்க. அருமையாப் பாடினாங்க, நான் இல்லைன்னு சொல்லலே. "எதுகை மோனை இல்லாட்டி சரக்கு விற்காது"ன்னு முடிச்சாங்க. நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அந்த நாலு சோப்புப் பாட்டும் நமக்கு மனப்பாடம். ஆனா எந்தப் பாட்டு எந்தக் கம்பெனி சோப்புக்குன்னு யாராவது சரியாச் சொல்லுங்க பார்ப்போம்! (சிரிப்பு) பாட்டு நின்னுடுச்சு நடுவர் அவர்களே, சோப்பு வழுக்கிட்டுப் போயிடுச்சு! (பலத்த கைதட்டல்)

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? நாற்காலியிலே சாய்ந்து உட்கார்ந்து, மோட்டுவளையைப் பார்த்து யோசிச்சா, ஏற்கெனவே பத்துப் பேர் சொன்னதுதான் பதினொண்ணாவதா நமக்கும் தோணும். "தரமானது, சுத்தமானது, உங்கள் நம்பிக்கைக்கு உரியது" - இதை மளிகைக் கடைக்கும் போடலாம், மருந்துக் கடைக்கும் போடலாம். எழுந்து போய், பொருளைத் தொட்டுப் பார்த்து, அதைச் செய்கிறவனைக் கேட்டு, வாங்குகிறவங்க மனசைப் புரிஞ்சுக்கிட்டு வந்தவங்களுக்குத்தான் புதுசா ஒண்ணு கிடைச்சது. இது நானாகச் சொல்வதில்லை. சரித்திரம் சொல்லுது. நாலு சாட்சிகளைக் கூண்டிலே ஏற்றுகிறேன்.

முதல் சாட்சி, அமெரிக்காக்காரர் கிளாட் ஹாப்கின்ஸ். 1866-லே பிறந்தவர். 1900-ஐ ஒட்டிய வருஷங்களிலே அவர் கையிலே ஒரு வேலை வந்தது. மில்வாக்கி ஊரிலே ஷ்லிட்ஸ்ன்னு ஒரு பீர் கம்பெனி. தாய்மார்கள் முகம் சுளிக்காதீங்க, நான் குடிக்கச் சொல்லலே! (சிரிப்பு) போட்டியிலே அந்தக் கம்பெனிக்கு ஐந்தாவது இடம். எல்லா பீர் கம்பெனியும் அப்போ கத்தின வார்த்தை ஒண்ணே ஒண்ணு: "சுத்தம்!" ஒருத்தன் பெரிய எழுத்திலே போட்டான். அடுத்தவன் அதைவிடப் பெரிய எழுத்து வேணும்னு ரெண்டு பக்கத்துக்குப் போட்டான். படிக்கிறவன் மனசிலே என்ன விழுந்தது? வாத்து முதுகிலே தண்ணி விழுந்த மாதிரி விழுந்தது!

ஹாப்கின்ஸ் என்ன செய்தார்? பேனாவை மூடி வச்சார். பீர் தயாரிப்பு சொல்லிக் கொடுக்கிற பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பாடம் கேட்டார். அப்புறம் ஆலைக்குள்ளே நுழைந்தார். கண்ணாடி அறைக்குள்ளே, வடிகட்டின காற்றிலே, குழாய் மேலே சொட்டுச் சொட்டா வடியவிட்டு ஆற வைக்கிறாங்க. பம்பையும் குழாயையும் தினம் ரெண்டு தடவை கழுவறாங்க. ஒவ்வொரு பாட்டிலையும் இயந்திரத்திலே நாலு தடவை அலசறாங்க. பக்கத்திலேயே கடல் மாதிரி மிச்சிகன் ஏரி கிடக்கு. ஆனா நல்ல தண்ணிக்காக 4,000 அடி ஆழத்துக்குக் கிணறு இறக்கியிருக்காங்க. நொதிக்க வைக்கிற ஈஸ்ட்டைத் தேர்ந்தெடுக்க 1,200 தடவை சோதனை பண்ணியிருக்காங்க.

மனுஷன் அசந்து போனார். "இதையெல்லாம் ஏன்யா ஜனங்ககிட்டே சொல்லலே?"ன்னு கேட்டார். முதலாளிங்க சொன்ன பதில்தான் முக்கியம்: "எல்லாக் கம்பெனியிலேயும் இப்படித்தானே செய்யறாங்க!"

எல்லோரும் செய்கிறாங்க, ஒருத்தரும் சொல்லலே. ஹாப்கின்ஸ் கண்ணாலே பார்த்ததை அப்படியே எழுதினார். சில மாதங்களிலே ஐந்தாவது இடத்திலேர்ந்து முதலிடத்துக்குத் தோளோடு தோள் வந்து நின்னதுன்னு, 1927-லே வந்த தன் சுயசரிதையிலே அவரே எழுதியிருக்கார். "சுத்தம்"ங்கற சொல் அங்கே முன்னாலேயே இருந்தது. அந்தச் சொல்லுக்கு அடியிலே 4,000 அடி கிணறு இருக்குன்னு யாரும் எட்டிப் பார்க்கலே. (கைதட்டல்)

ரெண்டாவது சாட்சி, டேவிட் ஓகில்வி. 1911-லே இங்கிலாந்திலே பிறந்தவர். பெரிய விளம்பர மேதைன்னு பெயர் எடுக்கறதுக்கு முன்னாலே அவர் பார்த்த வேலை என்ன தெரியுமா? பாரிஸ் நகரத்து ஓட்டல் சமையல்கட்டிலே வேலை. அப்புறம் ஸ்காட்லாந்திலே வீட்டு வீட்டுக்குக் கதவைத் தட்டி அடுப்பு வித்தார். அடுப்படியிலே நின்னவர், அடுப்பு வித்தவர்! வாங்கறவங்க முகம் எப்போ மலரும், எப்போ கதவு சாத்தப்படும்னு அனுபவத்திலே படிச்சவர்.

1948-லே நியூயார்க்கிலே ஏஜென்ஸி தொடங்கினார். பத்து வருஷம் கழிச்சு, 1958-லே, ரோல்ஸ்-ராய்ஸ் காருக்கு ஒரு விளம்பரம் எழுதணும். நம்ம எதிரணியைக் கேட்டிருந்தா, "ராஜா போகும் தேரு, ரோல்ஸ்-ராய்ஸ் காரு"ன்னு அரை மணியிலே எழுதிக் கொடுத்து, அட்வான்ஸும் வாங்கியிருப்பாங்க! (சிரிப்பு) ஓகில்வி மூணு வாரம் அந்தக் காரைப் பற்றிப் படிச்சார். படிக்கப் படிக்க, ஒரு மோட்டார் பத்திரிகைக்காரர் எழுதின சின்ன விஷயம் கண்ணிலே பட்டது: அறுபது மைல் வேகத்திலே போகும்போது அந்தக் காருக்குள்ளே கேட்கிற பெரிய சத்தமே மின்சாரக் கடிகாரச் சத்தம்தான். அதையே தலைப்பாக்கினார். அதுக்கு முன்னாலே 26 தலைப்பு எழுதிப் பார்த்தாராம்.

"அடுத்தவன் எழுதினதை எடுத்துப் போட்டதுக்கா இத்தனை புகழ்?"ன்னு எதிரணித் தலைவர் முணுமுணுக்கிறது காதிலே விழுது. ஐயா, அந்தப் பத்திரிகையைப் படிச்சவங்க எத்தனை பேர்! அத்தனை பேரும் அந்த வரியைத் தாண்டிப் போனாங்க. இவர் ஒருத்தர்தான் அங்கே நின்னார். மூணு வாரம் படிச்ச கண்ணுக்குத்தான் அது தங்கம்னு தெரியும். "அமைதியான கார்"ன்னு சொன்னா நாம நம்பணும். கடிகாரத்தைச் சொன்னா நமக்கே காது கேட்குது! இந்த விளம்பரத்தைப் படிச்ச ரோல்ஸ்-ராய்ஸ் தலைமைப் பொறியாளர் என்ன சொன்னார்னு ஓகில்வியே எழுதியிருக்கார். வருத்தமாத் தலையை ஆட்டிட்டு, "அந்தக் கடிகாரத்தை ஏதாவது செய்தாகணும்"னாராம்! (சிரிப்பு, கைதட்டல்)

மூணாவது சாட்சி கொஞ்சம் கனமான சாட்சி. 1959. அமெரிக்காவிலே கார்னா கப்பல் மாதிரி நீளம், பின்னாலே சிறகு, எங்கே பார்த்தாலும் பளபளப்பு. அந்த ஊரிலே ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் காரை விற்கணும். வண்டு மாதிரி சின்ன வண்டி. வருஷா வருஷம் அதே உருவம். அதைவிடக் கஷ்டம், அது ஹிட்லர் ஆட்சிக் காலத்திலே உருவான கார். போர் முடிஞ்சு பதினாலு வருஷம்தான் ஆகுது. வேலையை ஏத்துக்கிட்ட ஏஜென்ஸியின் பில் பெர்ன்பாக் யூதர். நினைச்சுப் பாருங்க!

அவங்க முதல்லே வோல்ஃப்ஸ்பர்க் ஊரிலே இருக்கிற தொழிற்சாலைக்குப் போனாங்க. வேலை நடக்கறதைப் பார்த்தாங்க. திரும்பி வந்து, படம் அமைக்கிற ஹெல்முட் க்ரோனும் வாசகம் எழுதுகிற ஜூலியன் கோனிக்கும் செய்த காரியம் என்ன? பக்கம் பூரா வெள்ளை. மூலையிலே எறும்பு அளவுக்குக் கார். குறையை மறைக்கலே. "சின்ன கார்தான். ஆகவே பெட்ரோல் செலவு சின்னது, நிறுத்தற இடம் சின்னது, ரிப்பேர் பில்லும் சின்னது" - இந்தக் கருத்தை நேராச் சொன்னாங்க.

இன்னொரு விளம்பரத்திலே, காரின் படத்தைப் போட்டு, கீழே "எலுமிச்சம்பழம்"னு ஒரே சொல். அமெரிக்கப் பேச்சு வழக்கிலே அதுக்கு, வாங்கி ஏமாந்த ஓட்டை வண்டின்னு அர்த்தம். சொந்தக் காரையே ஓட்டைன்னு எவனாவது விளம்பரம் போடுவானா? உள்ளே படிச்சாத்தான் விஷயம். டாஷ்போர்டுப் பெட்டியிலே ஒரு பளபளப்புப் பட்டையிலே சின்னக் கறை. அதனாலே அந்தக் காரைக் கழிச்சுட்டாங்க. அந்தத் தொழிற்சாலையிலே தினம் வெளியே வர்றது 3,000 கார். பரிசோதனை மட்டுமே வேலையா இருக்கிறவங்க 3,389 பேர். காரைவிடச் சோதிக்கிற ஆள் அதிகம்! இந்தக் கணக்கு நாற்காலியிலே உட்கார்ந்தா கிடைக்குமா நடுவர் அவர்களே? வெறுங்கை முழம் போடுமா? 1999-லே அட்வர்டைசிங் ஏஜ் பத்திரிகை இருபதாம் நூற்றாண்டின் சிறந்த விளம்பர வரிசையைத் தேர்ந்தெடுத்தபோது, இதற்குத்தான் முதலிடம் கொடுத்தது.

நாலாவது சாட்சி நம்ம நாட்டு சாட்சி. 1969-லே அகமதாபாத்திலே கர்சன்பாய் படேல் வீட்டிலேயே சலவைத்தூள் தயாரிச்சு, சைக்கிளிலே வச்சு விற்க ஆரம்பிச்சார். அதுதான் நிர்மா. 1980-களிலே அது நாடு பூரா பரவி, விலை கூடின சர்ஃபை ஆட்டி வச்சுடுச்சு. சர்ஃப் தரப்பிலே விளம்பரப் பொறுப்பு பம்பாய் லிண்டாஸ் ஏஜென்ஸியின் அலெக் பதம்ஸீக்கு. யாருக்கும் முதல்லே என்ன தோணும்? விலையைக் குறை, இல்லாட்டி ஒரு சினிமா நட்சத்திரத்தைக் கூப்பிடு! அவர் ரெண்டும் செய்யலே. தன் அம்மாவை நினைச்சார். காய்கறிக்காரர்கிட்டே பேரம் பேசுகிற அம்மா. ஆனா நல்ல பொருள்னு தெரிஞ்சா காசு கொடுக்கத் தயங்காத அம்மா. அந்த அம்மாவிலேர்ந்து பிறந்தவங்கதான் லலிதாஜி. தூர்தர்ஷன் பார்த்த யாரும் மறக்க முடியாது. நடிச்சவர் கவிதா சௌத்ரி. பின்னாலே "உடான்" தொடரிலே போலீஸ் அதிகாரியா வந்தாரே, அவரேதான்.

மலிவான பொருள் வேறே, நல்ல பொருள் வேறேன்னு லலிதாஜி கணக்குச் சொன்னாங்க. அரைக் கிலோ சர்ஃப், ஒரு கிலோ சாதாத் தூளுக்குச் சமம்னு சொன்னாங்க. பேரம் பேசற பெண்மணியைக் கஞ்சம்னு கேலி பண்ணின ஊரிலே, அது கஞ்சத்தனம் இல்லே, கணக்குன்னு ஒருத்தர் புரிஞ்சுக்கிட்டார் பாருங்க, அதுதான் ஆழம்!

நடுவர்: அப்போ கீரைக்காரம்மாகிட்டே எங்க வீட்டிலே அரை மணி நேரம் நிற்கிறதும் சிந்தனை ஆழம்தான்னு சொல்றீங்க! (பலத்த சிரிப்பு)

நிச்சயமா நடுவர் அவர்களே! இந்தத் தீர்ப்பை நீங்க வீட்டிலேயும் சொல்லணும்! (கைதட்டல்)

இப்போ எதிரணி கேட்கலாம்: "ஆழமா யோசிச்சா ஆழமாப் பொய்யும் சொல்லலாமே?" நியாயமான கேள்வி. தட்டிக் கழிக்க மாட்டேன். அதுக்கும் சரித்திரத்திலே சாட்சி இருக்கு. லிஸ்டரின் வாய் கொப்பளிக்கிற மருந்து. 1879-லே கிருமிநாசினியாப் பிறந்தது. 1920-களிலே அதன் விளம்பரக்காரங்க, வாய் நாற்றத்துக்கு ஒரு பழைய மருத்துவப் பெயரைத் தேடி எடுத்து, பெரிய நோய் மாதிரிப் பரப்பினாங்க. தோழிங்க எல்லோருக்கும் கல்யாணம் ஆயிடுச்சு, இந்தப் பெண்ணுக்கு மட்டும் ஆகலே, காரணம் வாய் நாற்றம்னு படம் போட்டாங்க. கன்னிப் பெண்ணின் பயத்தைக் காசாக்கினாங்க! சளி, தொண்டை வலியையும் தடுக்கும்னு ஐம்பது வருஷத்துக்கு மேலே சொன்னாங்க. கடைசியிலே 1975-லே அமெரிக்க வர்த்தக ஆணையம், "இது சளியைத் தடுக்காது"ன்னு உன் விளம்பரத்திலேயே சொல்லுன்னு உத்தரவு போட்டது. 1977-லே நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. அடுத்த 1 கோடி டாலர் விளம்பரச் செலவு வரைக்கும் அந்த வாக்கியத்தைப் போட்டாகணும்!

நான் பாராட்டின ஃபோக்ஸ்வாகனையும் விட மாட்டேன். குறையை ஒளிக்காமல் சொல்லிப் பெயர் வாங்கின அதே கம்பெனி, பின்னாலே "சுத்தமான டீசல்"னு விளம்பரம் பண்ணிச்சு. 2015-லே குட்டு உடைஞ்சது. புகைச் சோதனையை ஏமாத்தற மென்பொருள் உலகம் பூரா சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டியிலே இருந்ததுன்னு கம்பெனியே ஒத்துக்கிச்சு. 1959-லே தொழிற்சாலைக்குள்ளே போய்ப் பார்த்துட்டு வந்து எழுதினாங்க, அது நின்னது. டீசல் விஷயத்திலே உள்ளே இருந்தது ஒண்ணு, வெளியே எழுதினது ஒண்ணு. அது தலை குனிய வச்சது. அதனாலே, உண்மையைத் தோண்டறவனுக்குப் பெயர்தான் சிந்தனையாளன். பயத்தைத் தோண்டறவன் குழி தோண்டறான். அந்தக் குழியிலே விழறது நம்ம வீட்டு மாசச் சம்பளம்! (கைதட்டல்)

(மணி ஒலிக்கிறது)

முடிச்சுடறேன் நடுவர் அவர்களே. விளம்பரத் துறைக்குப் போகணும்னு ஆசைப்படற பிள்ளைங்க இங்கே இருக்கலாம். அந்தப் பொருளை ஒரு மாசம் உங்க வீட்டிலே பயன்படுத்துங்க. செய்கிற இடத்துக்குப் போங்க. விற்கிற கடையிலே ஒரு ஓரமா நின்னு, வாங்கறவங்க என்ன கேட்கிறாங்கன்னு காதைக் கொடுங்க. அப்புறம் எழுதுங்க. முதல்லே தோணின பத்து வாசகத்தைக் கிழிச்சுப் போடுங்க; அது ஊரிலே எல்லோருக்கும் தோணும். பதினொண்ணாவதை எடுத்து, போட்டிக் கம்பெனி பெயரை அதிலே ஒட்டிப் பாருங்க. ஒட்டிச்சுன்னா அதையும் கிழிங்க!

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த தடவை டி.வி.யிலே விளம்பரம் வரும்போது பாட்டை ரசிங்க, தப்பில்லே. ரசிச்சுட்டு, "இவன் நமக்கு என்ன விவரம் சொன்னான்?"னு ஒரு கேள்வி கேளுங்க. விவரம் சொல்லியிருந்தா யோசிச்சு வாங்குங்க. பாட்டு மட்டும்தான்னா, பாட்டைக் கேட்டுட்டுச் சேனலை மாத்திடுங்க!

சொல்லுக்கு அழகு வேண்டாம்னு நான் சொல்லலே. கிணற்றிலே தண்ணி ஊறின பிறகு வாளிக்கு வர்ணம் அடிக்கலாம். ஆகவே, மக்கள் மனதில் நிற்பது சிந்தனை ஆழமே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு விடைபெறுகிறேன்.

(பலத்த கைதட்டல்)