நீலக்கல்: வாங்குமுன் தரம் அறிதல்

சனீஸ்வரர் சன்னதியால் பெயர்பெற்ற திருநள்ளாற்றுக்கு வருவோரில் பலர் சனிக்குரிய நீலக்கல்லைத் தேடுகிறார்கள். நீலம் குருந்தவகைக் கல். இரும்பும் டைட்டானியமும் அதற்கு நிறம் தருகின்றன. நிறத்தை மட்டும் நம்பி வாங்குவது தவறு. செயற்கைக் கல்லிலும் அதே நிறம், அதே கடினம் (மோ அளவில் 9) உண்டு. உருப்பெருக்கியில் வளைந்த வளர்ச்சிக் கோடுகள் தெரிந்தால் அது சுடரில் உருக்கிச் செய்த செயற்கைக் கல். மாசே இல்லாத கல்தான் உத்தமம் என்பார்கள்; ஆனால் உள்ளே சிதையாமல் கிடக்கும் ரூட்டைல் என்னும் கனிமத்தின் நுண்ணூசிகள், கல் கடும் சூடு காணாத இயற்கைக் கல் என்பதற்கு நல்ல சாட்சி. சூடேற்றிய கல்லும் அசல்தானே என்றால், ஆம். இலங்கையின் கெவுட எனப்படும் வெளிறிய கற்கள் 1970களிலிருந்து தாய்லாந்தில் சூடேற்றி நீலமாக்கப்பட்டன. ஆனால் விலை வேறு; மறைத்து விற்பது அநியாயம். ஆய்வகச் சான்றிதழில் சூடேற்றம் பற்றிய வரியைப் படித்த பிறகே காரட்டுக்கு (0.2 கிராம்) விலை பேச வேண்டும்.