கிண்டி ரேஸும் ராயப்பேட்டை டிப்ஸ்காரர்களும்

ராயப்பேட்டையிலிருந்து பீட்டர்ஸ் சாலை வழியாக வந்து, ஆயிரம் விளக்கு மசூதியருகே அண்ணா சாலையில் கிண்டிப் பக்கம் திரும்பினால் அடுத்து வருவது ஜெமினி மேம்பாலம். 1973-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தருகே, திமிறி எழும் குதிரையை ஒரு மனிதன் இழுத்துப் பிடித்து நிறுத்தும் சிலையைப் பார்க்காத சென்னைக்காரர் இருக்க முடியாது. அது எதற்காக வைக்கப்பட்டது என்று இன்றைய இளைஞர்களைக் கேட்டால் பலருக்கும் தெரியாது. 1974-இல் மு. கருணாநிதி அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்ததன் நினைவுச் சின்னம் அது.

சிலை நின்றது, குதிரைகள் நிற்கவில்லை. சட்டம் வந்த பிறகும், நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் கிண்டியில் பந்தயம் பல்லாண்டுகள் தொடர்ந்து நடந்தது. அந்தச் சிலையைத் தாண்டித்தான் ராயப்பேட்டையிலிருந்தும் திருவல்லிக்கேணியிலிருந்தும் மயிலாப்பூரிலிருந்தும் ரேஸ் ரசிகர்கள் பஸ்ஸிலும் ஸ்கூட்டரிலும் கிண்டிக்குப் போனார்கள். சட்டைப் பையில் மடித்த ரேஸ் புத்தகம், காதில் ஒரு பென்சில்.

கிண்டியில் பந்தயம் 1777-இலேயே தொடங்கிவிட்டதாகச் சொல்கிறது மெட்ராஸ் ரேஸ் கிளப்பின் வரலாறு. கம்பெனியார் காலத்தில் அது வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு. ராணுவ அதிகாரிகளே குதிரை ஓட்டினார்கள். அதிகாலையில் ஓட்டம், பிறகு விருந்து, நடனம். அரேபியாவிலிருந்து வந்த குதிரைகள் முதலில் ஓடின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து கப்பலில் வந்திறங்கிய ‘வேலர்’ குதிரைகள் பிரபலமாயின. இன்றைய கிளப் 1896-இல் அமைந்தது. கோடை வந்தால் ஆட்டம் ஊட்டிக்கு மாறும். அங்கே மலைச்சரிவுகளுக்கு நடுவே ஓர் ஓடுகளம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே உருவாகிவிட்டது. மழைக்காலமும் குளிர்காலமும் கிண்டி, கோடைக்காலம் ஊட்டி என்பதே அன்றைய ரேஸ் ரசிகர்களின் நாட்காட்டியாக இருந்தது.

துரைமார்களின் விளையாட்டு நம்மவர் கைக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். சமஸ்தான மன்னர்கள், ஜமீன்தார்கள், செட்டிநாட்டுப் பெருந்தனக்காரர்கள் என்று உரிமையாளர் வரிசை மாறியது. சினிமாக்காரர்களும் வந்தார்கள். ஆனந்த விகடனின் எஸ்.எஸ். வாசன் ரேஸில் பெரும் ஈடுபாடு கொண்டவர். சொந்தமாகக் குதிரை வைத்திருந்தார். 1940-இல், தீப்பிடித்து ஏலத்துக்கு வந்த ஒரு ஸ்டூடியோவை அவர் வாங்கினார். அதற்கு ‘ஜெமினி’ என்று பெயர் வைத்தது ‘ஜெமினி ஸ்டார்’ என்ற தன் குதிரையின் நினைவாகத்தான் என்று சினிமா வரலாறு பேசுகிறவர்கள் சொல்வதுண்டு. மிதுன ராசியை வைத்தே அந்தப் பெயர் வந்தது என்றும் ஒரு கதை இருக்கிறது. எது உண்மையானாலும், ஸ்டூடியோ போய் ஓட்டல் வந்த பிறகும் அந்த முனைக்கு ஜெமினி என்ற பெயரே நிலைத்துவிட்டது. பந்தயத்தை ஒழித்ததற்கான சிலையும் அதே முனையில்தான் நிற்கிறது.

உரிமையாளர்களில் பிற்காலத்தில் யாரும் நெருங்க முடியாத பெயர் எம்.ஏ.எம். ராமசாமி. செட்டிநாட்டு அரச குடும்பத்தைச் சேர்ந்தவர், கிளப்பின் தலைவராகவும் இருந்தவர். இந்தியாவின் பல ஊர்களிலும் அவருடைய குதிரைகள் கோப்பைகளை அள்ளின. 2015-இல் அவர் மறைந்தபோது, வாழ்க்கையில் ஒரு குதிரையைக்கூடத் தொட்டுப் பார்த்திராத, கேலரியில் நின்று பத்து ரூபாய் கட்டுகிற மனிதர்களும் துக்கம் விசாரித்துக்கொண்டார்கள். ரேஸ் உலகத்தின் உறவு முறை அப்படிப்பட்டது.

அந்தப் பத்து ரூபாய் மனிதர்களைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். பிரஸ்காரர், மெக்கானிக், ஆபீஸ் குமாஸ்தா, மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவர், ரிட்டையர்டு ஆசிரியர் என்று எல்லாத் தரப்பினரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ராயப்பேட்டை மணிக்கூண்டைச் சுற்றியிருந்த டீக்கடைகளிலும் முடிதிருத்தும் கடைகளிலும், பந்தயத்துக்கு முந்தைய மாலையே கச்சேரி தொடங்கிவிடும். பத்திரிகையில் வந்த ‘டிராக் ஒர்க்’ பகுதியை ஒருவர் படிக்க, மற்றவர்கள் கணக்குப் போடுவார்கள். எந்தக் குதிரை காலைப் பயிற்சியில் அறுநூறு மீட்டரை எத்தனை விநாடியில் கடந்தது, வேகமாக விட்டு ஓட்டினார்களா, இழுத்துப் பிடித்து ஓட்டினார்களா, மேலே உட்கார்ந்தது ஜாக்கியா, லாயத்துப் பையனா? இத்தனை விவரமும் அந்த ஒற்றை வரியில் இருக்கும். அதைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவரே அந்தத் தெருவின் டிப்ஸ்காரர்.

டிப்ஸ்காரர்களில் பல ரகம். அச்சில் சொல்கிறவர்கள் முதல் ரகம். ஆங்கில நாளிதழ்களின் ரேஸ் நிருபர்கள் ஒவ்வொரு பந்தயத்துக்கும் மூன்று குதிரைகளை வரிசைப்படுத்தி, கடைசியில் ‘இன்றைய பெஸ்ட்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். சிறு அச்சகங்களில் அடித்த ரேஸ் புத்தகங்களோ ஒவ்வொரு குதிரையின் முந்தைய ஓட்டங்கள், தாய் தகப்பன், சுமை, ஜாக்கி என்று ஜாதகமே எழுதிவிடும். இரண்டாவது ரகம் விடியற்காலையில் ஓடுகளத்துக்கே போய், ஸ்டாப்வாட்ச் வைத்து நேரம் எடுப்பவர்கள். பனியில் மப்ளர் சுற்றிக்கொண்டு வேலியோரம் நின்று, குதிரையின் நடையைக் கவனித்து நோட்டில் குறித்துக்கொள்வார்கள். அவர்களின் உழைப்பு உண்மையானது. தேர்வுக்குப் படிக்கும் மாணவனிடம்கூட அவ்வளவு சிரத்தை இருந்திருக்காது.

மூன்றாவது ரகம், ‘உள்ளே இருந்து வந்த செய்தி’ வைத்திருப்பவர்கள். லாயத்தில் வேலை செய்யும் குதிரைக்காரர் மச்சான், டிரெயினரின் டிரைவர் சிநேகிதன் என்று ஏதோ ஒரு நூல் அவர்கள் கையில் இருக்கும். கேட்டில் நுழையும்போதே தோளில் கை விழும்.

“அண்ணே, நாலாவது ரேஸ், ஆறாம் நம்பர். வெளிய சொல்லிடாதீங்க, வெல போயிடும்.”

இதைச் சொன்னவர் பத்தடி தள்ளிப் போய் வேறொருவரிடம் அதே நாலாவது ரேஸில் இரண்டாம் நம்பரைச் சொல்லியிருப்பார். எட்டுக் குதிரை ஓடினால் எட்டுப் பேரிடம் எட்டு நம்பர். யாராவது ஒருவருக்கு அடித்தே தீரும். ஜெயித்தவரிடம் கமிஷன் வாங்கிக்கொள்வார். மற்ற ஏழு பேரின் கண்ணில் அன்றைக்குப் படமாட்டார். இந்தத் தந்திரம் உலகத்தின் எல்லா ரேஸ் மைதானங்களிலும் உண்டு. கிண்டிக்கு வந்த பழைய ரசிகர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். தெரிந்தே ஏமாந்தார்கள்; அடுத்த வாரம் அதே ஆளிடமே போனார்கள்.

பணம் கட்டுவதற்கு இரண்டு வழி. புக்கி என்றால் கட்டும்போதே விலை நிச்சயம். அவர் சொன்ன விலைக்குச் சீட்டு வாங்கிவிட்டால் பிறகு ஏறினாலும் இறங்கினாலும் அதே கணக்குதான். டோட் வேறு. எல்லோரும் கட்டிய பணம் ஒரே தொகுப்பாகச் சேரும். வரியும் கிளப்பின் பங்கும் கழிந்த மிச்சம் ஜெயித்த சீட்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். எடுத்துக்காட்டாக, தொகுப்பு ஒரு லட்சம் ரூபாய், பிடித்தம் போக எண்பதாயிரம், ஜெயித்த குதிரையின் மேல் பத்து ரூபாய்ச் சீட்டு நானூறு இருந்தால், ஒரு சீட்டுக்கு இருநூறு ரூபாய். எல்லோரும் விரும்பும் ‘பேவரிட்’ ஜெயித்தால் கிடைப்பது சொற்பம். யாரும் சீண்டாத குதிரை ஜெயித்தால் அள்ளலாம். வின், பிளேஸ், முதல் மூன்று குதிரைகளை வரிசைப்படி சொல்லும் டானலா, தொடர்ந்து வரும் ஐந்து பந்தயங்களின் வெற்றியாளர்களைச் சொல்லும் ஜாக்பாட் என்று ஆசைக்குத் தக்க படிகள் இருந்தன. பந்தயத்தின் நடுவே படிகள் ஏற ஏற, வீட்டுக்குப் போகும் வழிச்செலவு குறையும்.

விளையாட்டின் மூளை ஹேண்டிகேப்பில் இருக்கிறது. நன்றாக ஓடும் குதிரைக்குச் சுமை கூட்டுவார்கள், சுமாரான குதிரைக்குக் குறைப்பார்கள். ஒன்று அறுபது கிலோ சுமந்து ஓடும், இன்னொன்று ஐம்பது. ஜாக்கியின் எடை போதாவிட்டால் சேணத்தோடு ஈயத் தகடு வைத்து ஈடுகட்டுவார்கள். எல்லாக் குதிரையும் ஒரே கோட்டில் வந்து சேர வேண்டும் என்பதே சுமையை நிர்ணயிக்கும் அதிகாரியின் கனவு. அவர் எங்கே கொஞ்சம் அசந்திருக்கிறார் என்று கண்டுபிடிப்பதே ரசிகரின் கனவு. போன முறை ஐம்பத்தெட்டு கிலோவோடு இரண்டாவதாக வந்த குதிரை, இந்த முறை ஐம்பத்து நான்கோடு ஓடுகிறது, தூரமும் அதற்குப் பிடித்த ஆயிரத்து இருநூறு மீட்டர் என்றால் பென்சில் அந்தப் பெயரின் மேல் வட்டம் போட்டுவிடும்.

அதோடு முடியாது. பந்தயத்துக்குச் சற்று முன்பு குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டும் இடத்தில் அனுபவசாலிகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ரோமம் பளபளக்கிறதா, கழுத்தில் நுரைத்த வேர்வை இருக்கிறதா, காது முன்னால் விறைத்திருக்கிறதா, பின்னால் மடிந்திருக்கிறதா? ஓடுவதற்கு முன்பே பதற்றத்தில் வேர்த்து நனைந்த குதிரையை அவர்கள் புத்தகத்திலிருந்து அடித்துவிடுவார்கள். ஓட்டம் முடிந்ததும் கத்தல் ஓய்ந்து, தரையெங்கும் கிழித்தெறிந்த சீட்டுகள் பறக்கும். பழுத்த ரசிகர் மட்டும் சீட்டைக் கிழிக்கமாட்டார். ஜாக்கிகள் இறங்கி மறுபடி எடை பார்த்து, ஆட்சேபம் எதுவும் இல்லை என்று அறிவிப்பு வரும்வரை முடிவு முடிவில்லை. முதலாவதாக வந்த குதிரை இன்னொன்றை இடித்தது நிரூபணமானால் இடம் மாறும். கிழித்த சீட்டைத் தரையில் உட்கார்ந்து பொறுக்கி ஒட்டவைத்தவர்களைப் பற்றிய கதைகள் கிண்டியில் ஏராளம்.

இத்தனை ரசத்தோடும் சொல்ல வேண்டிய இன்னொரு உண்மை இருக்கிறது. சம்பள நாளில் ரேஸுக்குப் போனவர் வெறுங்கையோடு வந்த வீடுகள் ராயப்பேட்டையிலும் உண்டு. சேட்டுக் கடையில் வைத்த தாலிக்கொடி திரும்பாமலே போனதுண்டு. பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ் ஒரு குதிரையின் கழுத்தளவு வித்தியாசத்தில் கரைந்ததுண்டு. 1974-இன் சட்டம் காற்றில் பிறந்ததில்லை. அந்த வீடுகளின் பெண்கள் சிந்திய கண்ணீர் அதன் பின்னால் இருந்தது. ரேஸை நினைத்து ஏங்கும் எழுத்துகள் பெரும்பாலும் ஆண்கள் எழுதியவை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

சட்டத்தை எதிர்த்துக் கிளப் வழக்குத் தொடுத்தது. 1986-இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில், கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் வந்தது. இரண்டும் உச்ச நீதிமன்றம் வரை போயின. டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் 1996 ஜனவரி 12 அன்று தீர்ப்பு வந்தது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் திறன், சுமையின் கணக்கு இவற்றை அறிந்து மதிப்பிடுவதே குதிரைப் பந்தயத்தில் முதன்மை. ஆகவே இது பெரும்பாலும் திறமை சார்ந்த விளையாட்டு, சூதாட்டமல்ல என்றது நீதிமன்றம். அரசு கிளப்பை எடுத்துக்கொள்ளும் சட்டமும் செல்லாது என்றது. டீக்கடை பெஞ்சில் பென்சிலோடு உட்கார்ந்திருந்த மனிதர் இத்தனை காலமும் சொல்லிக்கொண்டிருந்ததை நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே ஆமோதித்துவிட்டது. பின்னாளில் ஆன்லைன் ரம்மி நிறுவனங்களும் இந்தத் தீர்ப்பைத்தான் கேடயமாக ஏந்தி நீதிமன்றம் ஏறின. விடியலில் எழுந்து குதிரையின் நடையைப் பார்த்தவருக்குக் கிடைத்த மரியாதையில், செல்போன் திரையில் சீட்டு விரிப்பவர்கள் பங்கு கேட்டது பொருத்தமாகத் தோன்றவில்லை.

தீர்ப்பு வந்த பிறகுதான் கூட்டம் மெல்லக் கலைந்தது என்பது விசித்திரம். பழைய ரசிகர்களுக்கு வயதாயிற்று. பிள்ளைகள் கிரிக்கெட் பக்கம் போனார்கள். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்து, பந்தயத்தின் மீது 28 சதவீத வரி விழுந்தது. கடைசியில் நிலத்தின் கணக்கு வந்தது. கிண்டியில் 160.86 ஏக்கர் அரசு நிலத்தைக் கிளப் 1945-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்திருந்தது. ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 அணா. உயர்த்தப்பட்ட வாடகையைச் செலுத்தவில்லை என்ற வழக்கில், 730.86 கோடி ரூபாய் பாக்கியைக் கட்டும்படி 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 ஜூனில் ஊட்டி மைதானத்தை அரசு தன் வசம் எடுத்தது. செப்டம்பர் 9 அன்று கிண்டி வாசலிலும் வருவாய்த் துறை முத்திரை வைத்தது. அங்கே பூங்கா அமைக்க அரசு திட்டமிட்டது, வழக்குகளும் தொடர்ந்தன.

இந்த முடிவு சென்னைக்கு மட்டும் உரியதில்லை. கொழும்பு ரேஸ் மைதானத்தில் 1893 முதல் நடந்துவந்த பந்தயம் 1956-க்குப் பின் நின்றுபோயிற்று. 1842-இல் தொடங்கிய சிங்கப்பூர் டர்ஃப் கிளப், கிண்டி வாசல் பூட்டப்பட்ட அடுத்த மாதமே, 2024 அக்டோபர் 5 அன்று தன் கடைசிப் பந்தயத்தை ஓட்டி முடித்தது. அந்த நிலத்தில் வீடுகள் வரப்போகின்றன.

கிண்டி நிலம் யாருக்கு என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். அத்தனை ஏக்கர் பொது நிலம் பொதுமக்களுக்கே திரும்புவது நியாயம் என்பதில் பெரிய மறுப்பு இருக்க முடியாது. ஆனால் ஏக்கர் கணக்கும் வாடகைக் கணக்கும் கோப்புகளில் பத்திரமாக இருக்கின்றன. ரசிகர்களின் கணக்குதான் எங்கும் இல்லை. பென்சில் வட்டம் போட்ட ரேஸ் புத்தகங்களும் விநாடிகள் குறித்த நோட்டுகளும் பழைய பேப்பர்க்காரரின் தராசில் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அப்பாவோ மாமாவோ விட்டுப்போன பெட்டியில் அப்படி ஒன்று இருந்தால், தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். கிண்டிக்குப் பக்கத்தில் தரமணியில்தான் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். அந்த வீட்டில் ரேஸால் என்ன போயிற்று, என்ன வந்தது என்பதையும் பெண்களிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள்.