கிரயம்

பெயர்ச்சொல். விலைக்கு வாங்குதல் அல்லது விற்றல், விலை. வடமொழியில் ‘க்ரய’ என்றால் வாங்குவது, ‘விக்ரய’ என்றால் விற்பது. தமிழுக்கு வந்த கிரயம் இரண்டு தரப்புக்கும் பொதுவாகிவிட்டது: விற்பவர் கிரயம் செய்துகொடுக்கிறார், வாங்குபவர் கிரயம் பெறுகிறார். சோழர் காலக் கல்வெட்டுகளில் கிரயப் பத்திரத்துக்கு ‘விலை ஆவணம்’ என்ற அழகான சொல் உண்டு.

முதன்முதலாக மனை வாங்குகிறவர்கள் சறுக்குவது, இந்தச் சொல்லோடு ஒட்டிவரும் இன்னொரு சொல்லில்தான்.

‘கிரய ஒப்பந்தம்’ என்பது பின்னால் விற்பதாகச் சொல்லும் உறுதிமொழி மட்டுமே. முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டதுமே இடம் தன்னுடையது என்று கம்பிவேலி அடிப்பவர்கள் உண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 54ஆம் பிரிவின்படி, ஒப்பந்தம் மட்டும் மனையில் எந்த உரிமையையும் தராது. 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள நிலம், வீடு கைமாறப் பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும். ‘பவர்’ எனப்படும் பொது அதிகாரப் பத்திரத்தை வைத்து இடத்தை ‘விற்கும்’ வழக்கத்தையும் உச்ச நீதிமன்றம் 2011இல் ஏற்க மறுத்துவிட்டது.

‘சுத்தக் கிரயம்’ என்றால் திரும்பப் பெறும் நிபந்தனை ஏதுமில்லாத முழு விற்பனை. பத்திரத்தின் தலைப்பில் இருப்பது கிரயமா, கிரய ஒப்பந்தமா, பவரா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.